கழற்றி மாட்டும் மென்பொருள்: ஐடெம்பியரும் ஓஎஸ்ஜிஐ-யும்

பழைய அடெம்பியரை நிறுவிப் பராமரித்தவர்களுக்கு லிப் என்ற அடைவு மறக்காது. கொள்முதல், விற்பனை, இருப்பு, கணக்கு என்று ஒரு நிறுவனத்தின் அத்தனை வரவு செலவையும் பார்த்துக்கொள்ளும் திறமூல ஈஆர்பி மென்பொருள் அது; ஜாவாவில் எழுதப்பட்டது. லிப் அடைவுக்குள் முக்கியமாக மூன்று ஜார் கோப்புகள், அதாவது தொகுத்த ஜாவா நிரலைக் கட்டிவைத்த கோப்புகள், இருக்கும். அடெம்பியர் ஜார் என்பது மென்பொருளின் மொத்த உடம்பு. பேட்சஸ் ஜார், இடையிடையே வரும் திருத்தங்களுக்கு. கஸ்டமைசேஷன் ஜார், அந்தந்த நிறுவனத்துக்கென்று நாம் எழுதிச் சேர்ப்பவற்றுக்கு. நிரலின் ஓர் அலகான கிளாஸைத் தேடும்போது ஜாவா, வரிசையில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளும். பின்னால் அதே பெயரில் இன்னொன்று இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. இந்தக் குணத்தை நம்பித்தான் தொழிலே நடந்தது. இன்வாய்ஸ் கணக்கிடும் முறையை மாற்ற வேண்டுமா? எம்இன்வாய்ஸ் என்ற கிளாஸை மூல நிரலிலிருந்து நகலெடுப்போம். நான்கு வரியை மாற்றுவோம். அதே பெயரில் தொகுத்துக் கஸ்டமைசேஷன் ஜாருக்குள் போடுவோம். வரிசையில் அது முன்னால் நிற்பதால் மூலத்தில் இருந்த எம்இன்வாய்ஸ் அன்றோடு மறைந்துவிடும்.

வலி ஒரு வருடம் கழித்து வரும். புதிய பதிப்பு வெளியாகிறது. அதில் எம்இன்வாய்ஸில் வரித்தொகையை முழுமைப்படுத்தும் இடத்தில் இருந்த ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் பதிப்பை உயர்த்திக்கொள்கிறார். ஆனால் அவருடைய கணினியில் ஓடுவது நாம் போன வருடம் நகலெடுத்த எம்இன்வாய்ஸ். நான்கு வரியை மாற்றப் போய், ஆயிரக்கணக்கான வரிகளை அந்த நாளோடு உறைய வைத்துவிட்டோம். எச்சரிக்கை எதுவும் வராது. பில் வழக்கம்போல அச்சாகும். தொகை மட்டும் சில காசுகள் தவறும். இதில் இரண்டாவது நிறுவனம் ஒன்று வந்து, ஏற்றுமதிக்கென்று தன் பங்குக்கு ஓர் எம்இன்வாய்ஸைக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். யாருடையது வரிசையில் முன்னால் இருக்கிறதோ அது ஜெயிக்கும். தோற்றவருக்குத் தோற்றதே தெரியாது.

அடெம்பியரிலிருந்து பிரிந்த ஐடெம்பியர் ஏன், ஜாவா நிரலைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து ஓடவிடும் ஓஎஸ்ஜிஐ என்ற, அன்றைக்கு வணிக மென்பொருள்காரர்கள் பலரும் தொட அஞ்சிய தொழில்நுட்பத்தைக் கையில் எடுத்தது என்பதற்கு விடை இந்த மூன்று ஜார் கோப்புகளில் இருக்கிறது. "ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்டலாம்" என்றுதான் அந்த மாற்றம் விளம்பரமானது. என் கணிப்பில், அதில் கிடைத்த பெரிய லாபம் வேறு: எது யாருடையது என்று சொல்லக்கூடிய எல்லைக்கோடு. கழற்றி மாட்டுவது பாதிதான் நிறைவேறியது. நிறைவேறாத பாதிக்கு ஜாவா பொறுப்பில்லை.

முதலில் கொஞ்சம் வம்ச வரலாறு. யோர்க் யாங்கே 1999 வாக்கில் தொடங்கியது காம்பியர். இத்தாலிய மொழியில் செய்து முடிப்பது என்று பொருள். 2006-இல் காம்பியர் நிறுவனத்துக்குள் முதலீட்டாளர் பணம் வந்தது. அதே வருடம் நிறுவனத்துக்கும், வெளியிலிருந்து நிரல் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் பிணக்கு முற்றியது. செப்டம்பரில் வெளியார் தனிக்குடித்தனம் போனார்கள். மலேசியாவைச் சேர்ந்த ரெதுவான் ஊன் முன்னின்றார். புதிய வீட்டுக்கு அடெம்பியர் என்று பெயர். நிறைவேற்றுவது என்று பொருள். அந்த அடெம்பியருக்குள்ளேயே, மலேசியாவின் ஹெங் சின் லோ ஓஎஸ்ஜிஐ அடிப்படையில் ஒரு கிளையைக் கட்டத் தொடங்கினார். கொலம்பியாவின் கார்லோஸ் ரூயிஸ் உள்ளிட்டோர் கைகொடுத்தார்கள். 2010-களின் தொடக்கத்தில் அந்தக் கிளை ஐடெம்பியர் என்ற தனி மரமானது. பிரிவுக்கு ஆள் சார்ந்த காரணங்களும் உண்டு, அவற்றை விட்டுவிடுவோம்.

காம்பியரின் வடிவமைப்பில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. அதன் திரைகள் நிரலில் எழுதப்பட்டவை அல்ல. ஒரு சாளரத்தில் எத்தனை தாவல்கள், ஒவ்வொரு தாவலிலும் என்னென்ன புலங்கள், எந்தப் புலம் எப்போது தெரிய வேண்டும், எது கட்டாயம் என்ற எல்லாமே தரவுத்தளத்தில் வரிகளாக இருக்கும். இதற்கு அப்ளிகேஷன் டிக்ஷனரி என்று பெயர். இங்கே அகராதி என்போம். அகராதியில் ஒரு வரியைச் சேர்த்தால் திரையில் ஒரு புலம் முளைக்கும். ஒரு புலத்தில் மதிப்பு மாறும்போது எந்த நிரல் ஓட வேண்டும் என்பதையும் அகராதியே சொல்லும்: அந்தக் கிளாஸின் முழுப் பெயர் ஒரு நெடுவரிசையில் வெறும் எழுத்துகளாகப் பதிவாகியிருக்கும். 1999-க்கு இது மிகவும் முன்னோடியான யோசனை. ஆக, இந்த மென்பொருளுக்கு ஒரு கால் நிரலில், இன்னொரு கால் தரவில். இந்த இரண்டு கால் விவகாரம் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

ஓஎஸ்ஜிஐ பிறந்த இடத்துக்கும் கணக்குவழக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1999 மார்ச்சில் சில பெரிய நிறுவனங்கள் கூடி அமைத்த கூட்டமைப்பு அது. அப்போது அவர்கள் மனத்தில் இருந்தவை, வீட்டுக்குள் வைக்கும் இணைய வாயில் பெட்டி, தொலைக்காட்சிக்கு மேல் வைக்கும் பெட்டி போன்றவை. அந்தப் பெட்டியில் மின்வாரியத்தின் நிரல் ஒன்று, தொலைபேசி நிறுவனத்தின் நிரல் ஒன்று, பாதுகாப்பு நிறுவனத்தின் நிரல் ஒன்று ஓடும். ஒருவர் தன் நிரலைப் புதுப்பிக்கும்போது மற்றவருடையது நிற்கக் கூடாது. பெட்டியை அணைத்துப் போடச் சொல்லி வீட்டுக்காரரைக் கெஞ்சவும் முடியாது. ஒருவரையொருவர் அறியாத, ஒருவரையொருவர் நம்பாத பலரின் நிரல்கள் ஒரே கூரைக்குக் கீழ் வாழ வேண்டும் என்பதுதான் அங்கே சிக்கல். நம் லிப் அடைவின் சிக்கலும் அதுதானே. ஜாவா நிரலர்கள் நிரல் எழுதப் பயன்படுத்தும் எக்லிப்ஸ் என்ற மென்பொருள், 2004 ஜூனில் வந்த தன் 3.0 பதிப்பில், பிளகின்களை (வெளியிலிருந்து செருகும் நிரல்களை) ஓட்டும் பழைய இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓஎஸ்ஜிஐ-க்கு மாறியது. அதற்காக எழுதப்பட்ட ஈக்வினாக்ஸ்தான் பின்னால் ஐடெம்பியரின் அடித்தளமானது. ஜாவா நிரலர்களில் பெரும்பாலோர் அதற்குள் நாள் முழுக்க ஓஎஸ்ஜிஐ-யின் மேல் உட்கார்ந்துதான் வேலை செய்துகொண்டிருந்தார்கள், தெரியாமலே.

ஓஎஸ்ஜிஐ-யில் ஜார் கோப்புக்குப் பெயர் பண்டில். அதோடு மேனிஃபெஸ்ட் என்ற ஒரு சீட்டு இருக்கும். என் பெயர் இது, பதிப்பு எண் இது, என்னிடமிருந்து வெளியார் பயன்படுத்தலாம் என்று நான் கொடுப்பவை இவை, எனக்கு வெளியிலிருந்து வேண்டியவை இவை என்று அதில் எழுதியிருக்கும். கொடுக்கிறேன் என்று எழுதாததை வேறு பண்டில் தொட முடியாது. ஒவ்வொரு பண்டிலுக்கும் தனித்தனி கிளாஸ்லோடர், அதாவது கிளாஸ்களைத் தேடி எடுத்துக் கொடுக்கும் தனித்தனி ஆள். பழைய ஏற்பாடு கூட்டுக்குடும்பத்துத் துணி அலமாரி என்றால், இது ஆளுக்கொரு பெட்டியும் ஆளுக்கொரு பூட்டும். ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகளை இரண்டு பண்டில்கள் அக்கம்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கேட்டது கிடைக்கவில்லையென்றால் பண்டில் தொடங்கவே தொடங்காது; இன்னது இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். சில காசுகள் தவறிய பில்லோடு வாழ்ந்தவர்களுக்கு இந்த நேர்ப்பேச்சு பெரிய நிம்மதி.

பூட்டுப் போட்டதும் முதலில் உடைந்தது எது தெரியுமா? அகராதியில் எழுத்துகளாகக் கிடந்த அந்தக் கிளாஸ் பெயர்கள்.

பழைய முறையில் மையநிரல், அதாவது எல்லோருக்கும் பொதுவான மென்பொருளின் உடம்பு, அந்தப் பெயரை எடுத்து, ஜாவாவில் கிளாஸ் ஃபார்நேம் என்ற கட்டளையிடம் கொடுக்கும். எல்லாம் ஒரே அலமாரி என்பதால் எந்த மூலையில் இருந்தாலும் அது எடுத்து வந்துவிடும். இப்போது நிலைமை வேறு. பிளகின் எழுதுபவர் மையத்தைச் சார்ந்திருக்கிறார். அவருடைய சீட்டில் "மையத்திலிருந்து இவை வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. ஆனால் மையத்தின் சீட்டில் அவருடைய பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. மையம் எழுதப்பட்டபோது அந்தப் பிளகின் பிறந்திருக்கவே இல்லை. எனவே மையத்தின் கிளாஸ்லோடரிடம் போய் இந்தக் கிளாஸைக் கொடு என்றால் அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறது. பார்க்கக் கூடாத திசையில் பார்க்கச் சொல்கிறோம். அதன் மேல் குற்றமில்லை. ஈக்வினாக்ஸில் இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. நண்பர் என்று அறிவித்துக்கொண்ட பண்டில்களுக்குள்ளும் போய்த் தேட அது அனுமதிக்கும். அவசரத்துக்கு உதவும், நிரந்தரமாக வைத்துக்கொண்டால் பூட்டுக்கு அர்த்தமே போய்விடும்.

ஐடெம்பியர் கடைசியில் ஊன்றியது ஓஎஸ்ஜிஐ-யின் சேவைப் பதிவேட்டில். மையம் கிளாஸைத் தேடிப் போவதை நிறுத்திவிட்டு, "இந்த அட்டவணைக்கு ஒரு பொருளைச் செய்து கொடுக்க யாருக்குத் தெரியும்?" என்று பதிவேட்டில் கேட்கும். மாடல் ஃபேக்டரி, பிராசஸ் ஃபேக்டரி, புலத்தின் மதிப்பு மாறும்போது ஓடும் நிரலுக்குக் காலவுட் ஃபேக்டரி, ஃபார்ம் ஃபேக்டரி, கணக்குப் பதிவுக்கு டாக் ஃபேக்டரி என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வகைச் சேவை. பிளகின் தொடங்கும்போது தன் ஃபேக்டரியைப் பதிவேட்டில் எழுதி வைக்கும். நிற்கும்போது பெயரை எடுத்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தரவரிசை எண் உண்டு. எண் பெரிதாக உள்ளவரிடம் முதலில் கேட்பார்கள்; தெரியாது என்றால் அடுத்தவர்; யாருக்கும் தெரியாவிட்டால் மையத்தின் சொந்த ஃபேக்டரி. மையத்தில் ஒரு வரியைத் தொடாமல், பிளகின் தன் எம்இன்வாய்ஸை நுழைக்க இப்போது முறையான வாசல் இருக்கிறது. நகலெடுக்க வேண்டியதும் இல்லை. மையத்தின் எம்இன்வாய்ஸிலிருந்து வாரிசாக ஒரு கிளாஸை உருவாக்கி, மாற வேண்டிய நான்கு வரிகளை மட்டும் எழுதலாம். பழைய அடெம்பியரிலும் வாரிசு எழுதலாம்தான். ஆனால் வாசல் ஒழுங்காக இல்லாத வீட்டில் சன்னல் வழியாகக் குதிப்பதே வழக்கமாகிவிட்டது.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு பிளகின்கள் இன்வாய்ஸுக்கு ஆளுக்கொரு கிளாஸ் கொண்டுவந்தால், பெரிய எண்காரர் ஜெயிப்பார். மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பழைய நோய் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது நோய் எங்கே இருக்கிறது என்று பதிவேட்டைத் திறந்து பார்த்துவிடலாம்.

முழு கிளாஸையும் மாற்றாமல், ஒரு தருணத்தில் மட்டும் தலையிட வேண்டியதுதான் நடைமுறையில் பத்துக்கு ஒன்பது தேவை. ஒரு நல்ல உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஜிஎஸ்டி-யில் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. 2021 ஜனவரியில் அந்த வரம்பு 100 கோடியானது, ஏப்ரலில் 50 கோடி. 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி. பில்லை அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்பி, ஐஆர்என் என்ற 64 எழுத்து எண்ணை வாங்கிப் பதித்த பிறகுதான் அது செல்லுபடியாகும் இன்வாய்ஸ். ஒரே மென்பொருளைப் பயன்படுத்தும் இரண்டு கோயம்புத்தூர் பம்ப் தொழிற்சாலைகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இந்த வேலை 2021-இல் வருகிறது, மற்றதற்கு 2023-இல். போகோட்டாவிலோ கோலாலம்பூரிலோ மையநிரலைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இந்த வரம்புகளை ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்? இது தனி பண்டிலாகத்தான் வர வேண்டும். தேவைப்பட்ட வருடத்தில், தேவைப்பட்டவர் வீட்டுக்கு மட்டும்.

அந்தப் பண்டில், இன்வாய்ஸை முடிவுசெய்வதற்குச் சற்று முன் என்ற தருணத்தில் காது வைக்கும். ஓஎஸ்ஜிஐ-யில் இதற்கு ஈவென்ட் அட்மின் என்ற ஏற்பாடு உண்டு. ஒருவர் தண்டோரா போடுவார். கேட்க விரும்புகிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கேட்பவர் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் பெரிய எண், சின்ன எண் போட்டி இல்லை. ஆனால் தண்டோராவுக்கு ஒரு குணம் இருக்கிறது. அது பதிலை எதிர்பார்க்காது. கேட்ட நிரல் பிழையை வீசினாலும் ஈவென்ட் அட்மின் அதைப் பிடித்துக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்தவரிடம் போய்விடும். வீட்டுப் பெட்டிகளுக்கு அதுதான் சரி; ஒரு நிரல் செத்தால் மற்றது சாகக் கூடாது. கணக்கு மென்பொருளுக்கோ நேர் எதிரான தேவை. ஐஆர்என் கிடைக்கவில்லையென்றால் இந்த பில் முடிவாகக் கூடாது, நிறுத்து என்று கத்த வேண்டும். கத்தினால் நிற்க வேண்டும். காம்பியர் காலத்து மாடல் வேலிடேட்டரில் இது சுலபமாக இருந்தது. அது ஒரு பிழைச் செய்தியைத் திருப்பிக் கொடுத்தால் ஆவணம் அங்கேயே நின்றுவிடும். ஐடெம்பியர்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், தண்டோராவோடு சேர்த்து ஒரு காலிப் பட்டியலையும் அனுப்பினார்கள். ஆட்சேபம் உள்ளவர் அந்தப் பட்டியலில் எழுதிவிட வேண்டும். எல்லோரும் கேட்டு முடித்த பிறகு மையம் பட்டியலைத் திருப்பிப் பார்க்கும். ஒரு வரி இருந்தாலும் ஆவணம் நிற்கும். கருவி ஒன்றுக்கு, தேவை வேறொன்றுக்கு என்று இருக்கும்போது நடுவில் போடும் ஆப்பு இது. அழகானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை செய்கிறது, படித்தால் புரிகிறது.

இவ்வளவும் ஒரு காலின் கதை. அடுத்த கால், அகராதி.

மேலே சொன்ன இ-இன்வாய்ஸ் பண்டிலுக்கு நிரல் மட்டும் போதாது. ஐஆர்என்னைச் சேமிக்க இன்வாய்ஸ் அட்டவணையில் ஒரு நெடுவரிசை வேண்டும். அதைத் திரையில் காட்ட ஒரு புலம் வேண்டும். மீண்டும் அனுப்ப ஒரு பொத்தான், மெனுவில் ஓர் அறிக்கை. எல்லாமே தரவுத்தள வரிகள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். காம்பியர் வகுத்த விதிப்படி 10 லட்சத்துக்குக் கீழ் உள்ள எண்கள் மென்பொருளுக்குச் சொந்தம். 10 லட்சத்திலிருந்து மேலே பயனர் சேர்ப்பவற்றுக்கு. ஒரு பிளகின்காரரின் கணினியில் ஐஆர்என் நெடுவரிசைக்கு 1000123 என்ற எண் விழுகிறது. இன்னொருவரின் கணினியில் ஏற்றுமதி உரிம நெடுவரிசைக்கு அதே 1000123 விழுகிறது. இருவருடைய பிளகினையும் ஒரே வாடிக்கையாளர் வாங்கினால்? மையத்தின் உள்ளே வேலை செய்பவர்களுக்கு ஒரு வழி இருந்தது: எண்ணை இணையத்தில் உள்ள பொதுப் பதிவகம் ஒன்றிடம் கேட்டு வாங்கலாம். வெளியில் பிளகின் எழுதி விற்கும் ஊர் பேர் தெரியாத ஆட்களை எல்லாம் அந்த வரிசையில் நிறுத்த முடியாது.

ஐடெம்பியர் ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு யுயுஐடி நெடுவரிசையைச் சேர்த்தது. 36 எழுத்துகள் கொண்ட, உலகத்தில் வேறு யாருக்கும் விழாது என்று நம்பத்தக்க ஓர் அடையாளம். எண் ஊருக்கு ஊர் மாறட்டும், இது மாறாது. டூபேக் என்ற பொதி, அகராதி வரிகளை எக்ஸ்எம்எல் ஆக்கி ஜிப் செய்து பண்டிலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பண்டில் ஒரு கணினியில் முதன்முறை தொடங்கும்போது தன் பொதிகளைப் பதிப்பு வரிசையில் பிரித்து, யுயுஐடி-யை வைத்துப் பழைய வரி இருந்தால் திருத்தி, இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கும். எந்தப் பொதி எப்போது இறங்கியது என்பதும் பதிவாகும். கிளாஸ்லோடர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ஒரு நெடுவரிசையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், ஐடெம்பியரைப் பிளகின் மென்பொருள் ஆக்கியதில் ஓஎஸ்ஜிஐ-க்குச் சமமான பங்கு இதற்கு உண்டு.

இதை வேறு கோணத்தில் பார்க்க ஓபன்பிராவோ உதவும். அதுவும் காம்பியரின் வழித்தோன்றல்தான். ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் வளர்ந்தது. 2009-இல் வந்த 2.50 பதிப்பில் அவர்களும் மென்பொருளைத் தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஓஎஸ்ஜிஐ பக்கம் போகவில்லை. தொகுதியை இறக்கியதும் மொத்த அமைப்பையும் மறுபடி தொகுக்க வேண்டும். ஓடும்போது கழற்றி மாட்டும் பேச்சே கிடையாது. பதிலுக்கு, அகராதியின் ஒவ்வொரு வரியும் எந்தத் தொகுதிக்குச் சொந்தம் என்பதைக் கறாராகக் கேட்டார்கள். தொகுதிக்கு ஒரு முன்னொட்டு. அது சேர்க்கும் அட்டவணைக்கும் நெடுவரிசைக்கும் அந்த முன்னொட்டோடுதான் பெயர் வைக்க வேண்டும். நிரலில் சொகுசை விட்டுக்கொடுத்துத் தரவில் ஒழுங்கை வாங்கிக்கொண்டார்கள். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள், எதிரெதிர்க் காலில் தொடங்கியிருக்கிறார்கள்.

சரி, ஓடும்போதே கழற்றி மாட்டுவது? ஐடெம்பியர் சர்வருக்குள் ஓஎஸ்ஜிஐ முனையம் ஒன்று இருக்கிறது. அதே கணினியிலிருந்து 12612 என்ற போர்ட்டுக்கு டெல்நெட் செய்தால் கிடைக்கும். எஸ் எஸ் என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் நூற்றுக்கணக்கான பண்டில்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு நிலை. நிறுவப்பட்டது, தேவைகள் தீர்ந்தது, தொடங்கிக்கொண்டிருப்பது, இயங்குவது. அதில் ஒன்றை நிறுத்திப் புதியதை இறக்கித் தொடங்கலாம். சர்வர் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். முதன்முறை பார்க்கும்போது மாயாஜாலம் போலத்தான் இருக்கும்.

மாயாஜாலத்தைப் பகல் பதினோரு மணிக்கு, எண்பது பேர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது செய்து பாருங்கள். உலாவியில் இன்வாய்ஸ் சாளரத்தைத் திறந்து வைத்திருப்பவரின் அமர்வில் பழைய பண்டில் செய்துகொடுத்த பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. இடைச் சேமிப்பிலும் சில பழைய பொருள்கள் கிடக்கும். புதிய பண்டில் வந்ததும் அதே பெயரில், ஆனால் வேறு கிளாஸ்லோடரிலிருந்து, புதிய கிளாஸ் பிறக்கிறது. ஜாவாவுக்குப் பெயர் ஒன்றானால் போதாது. பெற்றவரும் ஒருவராக இருந்தால்தான் அது ஒரே கிளாஸ். விளைவு, எம்இன்வாய்ஸை எம்இன்வாய்ஸாக மாற்ற முடியாது என்று ஒரு பிழைச் செய்தி. இதை முதல் தடவை படிப்பவர் திரையைத்தான் சந்தேகப்படுவார். இதோடு, யாராவது ஒருவர் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை பழைய கிளாஸ்லோடரும் அதன் முழுச் சுமையும் நினைவகத்தை விட்டுப் போகாது. பண்டிலை நான்கு முறை மாற்றினால் நான்கு ஆவிகள்.

இதை எல்லாம் சமாளித்து எழுத முடியாதா என்றால் முடியும். சேவைகள் எப்போது வேண்டுமானாலும் மறையலாம் என்ற எண்ணத்தோடு ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும். ஓஎஸ்ஜிஐ-யின் டிக்ளரேட்டிவ் சர்வீசஸ் என்ற ஏற்பாடு அதற்கு உதவும். ஆனால் காம்பியரிலிருந்து வந்த பல லட்சம் வரிகள் அந்த எண்ணத்தில் எழுதப்பட்டவை அல்ல. பிளகின் எழுதும் பெரும்பாலோருக்கும் அந்தப் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை. ஆகவே நடைமுறை என்னவென்றால், மேம்பாட்டுக் கணினியில் பகலெல்லாம் கழற்றி மாட்டுவோம். வாடிக்கையாளரின் கணினியில் இரவு கடை சாத்திய பிறகு சர்வரையே நிறுத்திவிட்டு மாற்றுவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவு பத்து மணிக்கு மேல் பில் போடாத தொழிற்சாலைக்கு நொடிகூட நிற்காத சர்வர் எதற்கு? நமக்கு வேண்டியது, மாற்றும்போது ஒரு கோப்பை மட்டும் மாற்றினோம், மற்றதைத் தொடவில்லை என்ற உறுதி. அது கிடைக்கிறது.

கொடுத்த விலையும் சின்னதில்லை. புதிதாக வரும் நிரலர், வணிக விதி ஒன்றை எழுதும் முன் மேனிஃபெஸ்ட், டார்கெட் பிளாட்ஃபார்ம், சேவை அறிவிப்பு என்று ஒரு வாரம் முழி பிதுங்குகிறார். தொகுப்பதற்கு முதலில் பக்மின்ஸ்டர் என்ற கருவியை நம்பியிருந்தார்கள். அது வழக்கொழிந்து, பின்னர் மேவன், டைக்கோ என்ற தொகுப்புக் கருவிகளுக்கு மாற வேண்டியிருந்தது. வெளியார் நூலகங்கள் பலவும் ஒரே அலமாரி உலகத்துக்காக எழுதப்பட்டவை. தங்களுக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவை. அறிக்கை அச்சிடும் ஜாஸ்பர் போன்றவற்றைப் பண்டிலுக்குள் அடைத்தவர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். 2017 செப்டம்பரில் ஜாவா 9 தனக்கென்று ஒரு தொகுதி முறையைக் கொண்டுவந்தபோது, இனி ஓஎஸ்ஜிஐ எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அந்த முறையில் எல்லைக்கோடு உண்டு. ஓடும்போது வந்து போகும் சேவைப் பதிவேடு கிடையாது. ஐடெம்பியர் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லோரும் இந்தப் பாதையில் வந்துவிடவும் இல்லை. அடெம்பியர் தன் வழியில் தொடர்ந்தது. அதிலிருந்து ஜெர்மனியில் கிளைத்த மெட்டாஸ்ஃபிரெஷ், ஸ்பிரிங் பூட் என்ற வேறொரு ஜாவா கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

இனி கழற்றுவதன் கடைசிப் படி. இ-இன்வாய்ஸ் பண்டில் வேண்டாம், வேறொருவர் எழுதிய நல்ல பண்டில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முனையத்தில் நிறுத்து என்கிறோம், நீக்கு என்கிறோம். ஒரு நொடியில் போய்விடுகிறது. ஃபேக்டரிகள் பதிவேட்டிலிருந்து மறைகின்றன, காது வைத்தவர் எழுந்து போய்விட்டார், ஜார் கோப்பு குப்பைக்கு. ஆனால் பயனர் உள்ளே நுழைந்தால் மெனுவில் அந்த அறிக்கை அப்படியே இருக்கிறது. அழுத்தினால் கிளாஸைக் காணவில்லை என்று வருகிறது. இன்வாய்ஸ் திரையில் அந்தப் பொத்தான் இருக்கிறது, புலம் இருக்கிறது. டூபேக்குக்கு உள்ளே வரும் வழி மட்டும்தான் தெரியும். ஒடூ என்ற இன்னொரு ஈஆர்பி மென்பொருளில் ஒரு தொகுதியை நீக்கினால் அது சேர்த்த நெடுவரிசைகளையும் அட்டவணைகளையும் சேர்த்தே துடைத்துவிடும். சுத்தமாக இருக்கும், யோசிக்காமல் அழுத்தியவர் அதன் பிறகு காப்புப் பிரதியைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

இங்கே நாங்கள் செய்வது மந்தமான வேலை. மெனு வரியைச் செயலற்றதாக்குவோம். பொத்தானை மறைப்போம். புலத்தைப் பார்க்க மட்டும், மாற்ற முடியாது என்று ஆக்குவோம். நெடுவரிசையைத் தொட மாட்டோம். அதில் பழைய பில்கள் ஒவ்வொன்றின் 64 எழுத்து ஐஆர்என்னும் இருக்கிறது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு. அதை எழுதிய பண்டில் போய்ச் சேர்ந்த பிறகும், ஆறு வருடத்துக்கு அந்த நெடுவரிசை அங்கேயே இருக்கும்.